தடைக்காலத்திலும் கட்ட முடிகிற தவணை எது?

வாசகர் கேள்வி–பதில்: முதல் வீடு, முதல் கடன்

கேள்வி: நான் இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக மாதம் 24,000 ரூபாய் கைக்கு வருகிறது. கணவர் மண்டபத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்த ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை மாதம் 28,000 கிடைக்கும். மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை 12,000. ஜனவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரை 20,000. தடைக்காலத்தில் வலை வேலைக்குப் போனால் மாதம் 6,000. வாடகை 6,500 போக, சீட்டு நீங்கலாக, வீட்டுச் செலவு 21,000 ஆகிறது. வங்கியில் 5,60,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். 12 பவுன் நகை இருக்கிறது. படகு உரிமையாளரிடம் வாங்கிய முன்பணத்தில் 60,000 பாக்கி. உச்சிப்புளியில் ஒரு வீடு 30 லட்சத்துக்கு வருகிறது. 25 லட்சம் வரை கடன் வாங்கித் தருவதாகக் கடன் முகவர் ஒருவர் சொல்கிறார். நகையை விற்று இந்த வீட்டை வாங்கலாமா?
— ஒரு வாசகி, உச்சிப்புளி

பதில்: இந்த விலையில் வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் வரவு செலவை நீங்களே தெளிவாக எழுதியிருப்பதால், காரணத்தையும் உங்கள் எண்களைக் கொண்டே காட்டிவிடலாம்.

முகவர் 25 லட்சம் என்ற தொகைக்கு எப்படி வந்தார் என்பதை முதலில் பார்ப்போம். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு, ஒரு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் தவணை வரும். 25 லட்சத்துக்கு 21,700. உங்கள் சம்பளத்தோடு கணவரின் நல்ல மாத வருமானமான 28,000-ஐக் கூட்டினால் 52,000 ஆகிறது. அதில் 21,700 என்பது 42 சதவீதம். மாத வருமானத்தில் பாதிக்குள் தவணை அடங்கினால் பல வங்கிகள் சம்மதிக்கும் என்பதால், தாளில் இது சரியாகவே தெரியும். ஆனால் அந்த 28,000 ஆண்டில் மூன்றரை மாதத்துக்கு மட்டுமே வருகிற பணம்.

கணவரின் ஆண்டு வருமானத்தைப் பருவம் பருவமாகக் கூட்டிப் பாருங்கள். தடை முடிந்த மூன்றரை மாதத்துக்கு 98,000, மழை மாதங்களுக்கு 36,000, ஜனவரிக்குப் பிந்தைய மூன்றரை மாதத்துக்கு 70,000, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்கு 12,000. இவற்றோடு, 2023-இல் 5,000-இலிருந்து 8,000 ஆக உயர்த்தப்பட்ட தடைக்கால நிவாரணத்தையும் சேர்த்தால் 2,24,000 ரூபாய். மாதத்துக்கு வகுத்தால் 18,700-க்குச் சற்றுக் குறைவு. உங்கள் ஆண்டுச் சம்பளம் 2,88,000. இருவருக்கும் சேர்த்து 5,12,000. வீட்டுச் செலவு ஆண்டுக்கு 2,52,000 போக மீதி 2,60,000. சொந்த வீட்டுக்குப் போனால் வாடகை நின்றுவிடும் என்பதால் அதை இதில் கழிக்கவில்லை.

சொந்த வீடு வாடகையை நிறுத்துகிறது; ஆனால் வேறு சில செலவுகளைக் கூட்டி வருகிறது. வீட்டு வரி, பழுதுபார்ப்பு இவற்றோடு, நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் தெருவானால் விலைக்கு வாங்கும் தண்ணீரும் சேரும். வாடகை வீட்டில் தண்ணீர் பார்த்துக் குடியேறுகிற நாம், விலைக்கு வாங்கும்போது தரையின் வழுவழுப்பைப் பார்த்து மயங்கிவிடுகிறோம்! இவற்றுக்கெல்லாம் மாதம் 2,000 என்று குறைவாகவே வைத்துக்கொண்டால், 25 லட்சக் கடனில் மாதச் சுமை 23,700, ஆண்டுக்கு 2,84,400. கையில் மிஞ்சுவதோ 2,60,000. யாருக்கும் காய்ச்சல் வராத, ஒரு கல்யாணமும் குறுக்கே வராத, புயல் கூண்டு ஏற்றி ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கடலுக்குப் போகாமல் இருக்க வேண்டியிராத ஆண்டிலேயே 24,400 ரூபாய் துண்டு விழும்.

அந்தத் துண்டு பன்னிரண்டு மாதங்களுக்கும் சமமாகப் பரவி நிற்பதில்லை. தடைக்காலத்தில் உங்கள் வீட்டு வருமானம் 30,000. வீட்டுச் செலவு போக 9,000-தான் இருக்கும். 23,700-க்கு மாதம் 14,700 குறையும். அந்த நேரத்தில் மறுபடியும் படகு உரிமையாளரிடம் முன்பணத்துக்குப் போய் நிற்க வேண்டிவரும். அடுத்த பருவத்தின் பங்கு அதில் கழிந்துவிடும். ஆகவே கரையோரக் குடும்பம் ஒன்று தன்னால் தாங்கக்கூடிய தவணையை ஆண்டுச் சராசரியைக் கொண்டு கணக்கிட்டு, பிறகு அதைத் தடைக்காலத்திலும் மழைக்காலத்திலும் நிறுத்தி சோதித்துப் பார்க்க வேண்டும். நல்ல மாதத்தைக் கணக்கில் முதலில் வைப்பது ஆபத்து.

அப்படிச் சோதித்தால் உங்களுக்கு ஏற்றது 16 லட்சம் என்று எனக்குப் படுகிறது. தவணை 13,900 அளவில் வரும். இதர செலவோடு மாதச் சுமை 15,900. மழை மாதங்களில் மாதம் 900 குறையும். தடைக்காலத்தில் மாதம் 6,900 வீதம் இரண்டு மாதத்துக்கு 13,800 குறையும். அதில் 8,000 நிவாரணத்தால் ஈடாகும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதப் பணத்திலிருந்து 10,000 ரூபாயைத் தனியே ஒதுக்கினாலே இந்தப் பள்ளங்கள் நிரம்பிவிடும். ஆண்டு முடிவில் 69,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். சேமிப்பு, மருத்துவம், சடங்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வீட்டுக்கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டிக் கடன்கள் என்பதால், வட்டி 10.5 சதவீதத்துக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். 16 லட்சத்துக்குத் தவணை 16,000-க்கு அருகில் போகும். கடினம்தான், ஆனால் மூழ்கமாட்டீர்கள். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, கடன் காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. கேட்காமலே காலத்தை நீட்டிவிட்டால் தவணை மாறாததால் நமக்குத் தெரியாமலே போய்விடும்; ஆகையால் கணக்கு அறிக்கையை வாங்கிப் பார்த்துக்கொண்டிருங்கள்.

இனிக் கடனிலிருந்து வீட்டு விலைக்கு வருவோம். 5,60,000 சேமிப்பில் முதல் வேலையாகப் படகு முன்பணம் 60,000-ஐத் தீர்த்துவிடுங்கள். அது வங்கியின் கண்ணுக்குத் தெரியாத கடன். உங்கள் வீட்டுக்குத் தெரிந்த கடன். மீதி 5 லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், அடமானப் பதிவு, சாமான் மாற்றும் செலவு ஆகியவற்றுக்கு 40,000. எஞ்சிய 3,60,000-இல்தான் வீட்டுக்கான முன்பணமும் பத்திரச் செலவும். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, கிரய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மீது இந்த 9 சதவீதம் கணக்காகும். 18 லட்சத்துக்கு வீடு வாங்கினால் பத்திரச் செலவு 1,62,000. விலையில் உங்கள் பங்கு 2 லட்சம். ஏறத்தாழ உங்கள் கையிருப்பு அத்தனையும் அதில் அடங்கிவிடும். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு; 18-இல் 16 அதற்குள் இருக்கிறது. இருந்தாலும், வங்கி மதிப்பீட்டாளர் பழைய வீட்டைக் குறைவாக மதிப்பிட்டால் உங்கள் பங்கு ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே 18 லட்சம். 30 லட்சத்துக்கும் இதற்கும் நடுவில் பெரிய இடைவெளி என்று மனம் வாடக்கூடும். அந்த 30 லட்ச வீட்டுக்குப் பத்திரச் செலவு மட்டுமே 2,70,000. உங்கள் பங்கு 5 லட்சத்தோடு சேர்த்தால் 7,70,000. நகை போவது அங்கேதான். நகையை விற்க வேண்டாம் என்று சொல்வது உணர்ச்சிக்காக அல்ல: கணவர் இரண்டு மாதம் கடலுக்குப் போக முடியாமல் போனால், ஒரே நாளில் பணமாகக்கூடிய சொத்து உங்களிடம் அது ஒன்றுதான். கூரையை எந்த அவசரத்துக்கும் பிரித்து விற்க முடியாது.

வீடு உடனே வேண்டுமென்ற கட்டாயம் இல்லையென்றால், ஒத்திகை ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். 15,900-இல் இப்போதைய வாடகை 6,500 போக மீதி 9,400-ஐ ஓராண்டுக்கு மாதந்தோறும் வேறொரு கணக்கில் போட்டுவாருங்கள். ஒரு தடைக்காலமும் ஒரு மழைக்காலமும் அதற்குள் வர வேண்டும். தடங்கலின்றிப் போட்டுவிட்டால் 16 லட்சக் கடனுக்கு நீங்கள் தகுதியானவர் என்பதோடு, 1,12,800 ரூபாயும் கையில் இருக்கும். மே மாதத்தில் அந்தக் கணக்கிலிருந்து எடுக்க நேர்ந்தால், எவ்வளவு எடுத்தீர்களோ அந்த அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் மூன்று செய்திகள். பங்கு வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கணவரின் பங்குப் பணம் வங்கிக் கணக்கு வழியே வராவிட்டால், உங்கள் 24,000-ஐ மட்டும் பார்த்து 13 லட்சத்தோடு நிறுத்துகிற வங்கியும் உண்டு. இப்போதிருந்தே பங்கைக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அடுத்தது, பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புற இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்துக்கு நாட்டில் வேறெங்கும் பக்கா வீடு இல்லாதிருந்தால், கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியமாக அதிகபட்சம் 1,80,000 ரூபாய் ஐந்து ஆண்டுத் தவணைகளில் வரும். நகர்ப்புறத் திட்டம் என்பதால், நீங்கள் பார்க்கும் மனை அதற்குள் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். வந்தால் மகிழ்ச்சி; கணக்கில் மட்டும் முன்கூட்டியே சேர்க்காதீர்கள். கடன் கொடுக்கும்போது தலையில் கட்டப்படும் ஒற்றைப் பிரீமிய ஆயுள் காப்பீட்டையும் கடன் தொகையோடு சேர்க்க விடாதீர்கள். உங்களுக்குக் காப்பீடு தேவைதான், அதைத் தனியே வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன், வயது 38. மாதம் 1,10,000 ரூபாய் ஊருக்கு அனுப்ப முடிகிறது. அதில் வீட்டுச் செலவு 45,000. கையில் 20 லட்சம் இருக்கிறது. கீழக்கரையில் 60 லட்சத்துக்கு வீடு பேசுகிறார்கள். 48 லட்சம் கடன் 15 ஆண்டுக்குக் கிடைக்கும். ஐந்து ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பிக் கடை வைக்க எண்ணம். கடையில் மாதம் 40,000 வந்தால் போதும் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?
— ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது: ஐந்து ஆண்டு துபாய்ச் சம்பளம், பத்து ஆண்டு கடை வருமானம். 8.5 சதவீதத்தில் 48 லட்சத்துக்குத் தவணை 47,300 அளவில் வரும். இன்று அனுப்புகிற பணத்தில் அதைக் கட்டிவிடுவீர்கள். ஆனால் ஐந்து ஆண்டுகள் கட்டிய பிறகும் 38 லட்சம் நிலுவையில் நிற்கும். ஏனென்றால் தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. 40,000 வருகிற கடையை வைத்துக்கொண்டு 47,300 தவணையைக் கட்ட இயலாது.

ஆகவே திரும்பி வரும் நாளிலிருந்து கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். கடை வருமானத்திலிருந்து தவணைக்கு 12,000 ஒதுக்கலாம் என்று வைத்தால், அது பத்து ஆண்டில் அடைக்கக்கூடிய கடன் 9,70,000. இப்போது மாதம் 47,000 வீதம் ஐந்து ஆண்டு கட்டி, முடிவில் அந்த அளவு மட்டும் மிஞ்ச வேண்டுமானால், வாங்க வேண்டிய கடன் 29 லட்சம். 20 லட்சத்தில் அவசரத்துக்கு 3 லட்சமும் இதர செலவுக்கு 50,000-மும் ஒதுக்கி, 9 சதவீதப் பத்திரச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் உங்களுக்குப் பொருந்தும் விலை 41 முதல் 42 லட்சம். 60 லட்ச வீட்டுக்கு 12 லட்சம் முன்பணமும் 5,40,000 பத்திரச் செலவும் போக மீதி 2,60,000-தான். கடைக்கு முதல் எங்கே இருந்து வரும்?

வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வீடும் வீட்டு மனையும் வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ வாங்கக் கூடாது. வீட்டோடு தென்னந்தோப்பும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் ஆவணத்தில் நிலத்தின் வகையைப் பார்த்துவிடுங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவரும் உங்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர் என்றால் இந்த 50 லட்ச வரம்பு பொருந்தாது, பிடித்தமும் அதிகம். கீழக்கரையில் இது அடிக்கடி நேரக்கூடியது. முன்பணம் கொடுக்கும் முன் கணக்காளரிடம் கேளுங்கள்.

வீடு கடலுக்கு எவ்வளவு அருகில் என்று நீங்கள் எழுதவில்லை. ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை, கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம். நகர்ப்பகுதியில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடங்களுக்கோ நிலப்புறமாகத்தான் புதுக் கட்டடம் வரலாம். அனுமதி வரைபடம் இல்லாத கடலோர வீட்டுக்கு வங்கி கடன் மறுக்கலாம். அப்படி மறுத்த வீட்டை நாளை உங்களிடம் வாங்க வருகிறவருக்கும் கடன் கிடைக்காது. அந்த வீடு எந்த விலைக்கு வந்தாலும் உங்களுக்கு அதிக விலைதான்.

கேள்வி: தேவிபட்டினத்தில் அப்பா வழியில் வந்த 3 சென்ட் நத்தம் மனை என் பெயரில் பட்டாவாகிவிட்டது. சம்பளம் 35,000, செலவு வாடகை நீங்கலாக 20,000, சேமிப்பு 4 லட்சம். 900 சதுர அடியில் வீடு கட்டச் சதுர அடிக்கு 2,300 வீதம் 20,70,000 ஆகும் என்கிறார் மேஸ்திரி. முடியுமா?
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: மனைக்கு விலை இல்லை, பத்திரச் செலவும் இல்லை, பெரிய பாரம் குறைந்துவிட்டது. ஆனால் மேஸ்திரி சொல்லும் சதுர அடி விலைக்குள் சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பு, வரைபட அனுமதி ஆகியவை பெரும்பாலும் அடங்குவதில்லை. எழுதி வாங்குங்கள். அவற்றுக்கு 15 சதவீதம் கூட்டினால் சதுர அடிக்கு 2,645. 900 சதுர அடிக்கு 23,80,000.

உங்கள் வரவு செலவுக்கு 12,000 தவணை தாங்கும். அதற்கு 20 ஆண்டுக் கடன் 13,80,000. சேமிப்போடு 17,80,000. கட்டி முடியும் வரை வாடகையும் கட்டி, வங்கி கொடுத்த தொகைக்கு வட்டியும் கட்ட வேண்டியிருக்கும். வங்கி மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் தராது. அடித்தளம், கூரை, பூச்சு என்று நிலை நிலையாக, உங்கள் பங்கு செலவான பிறகே விடுவிக்கும். இதற்கும் அவசரத்துக்குமாக 1,30,000 ஒதுக்கினால் கட்டுமானத்துக்கு 16,50,000 இருக்கும். அது 620 சதுர அடி வீடு. பின்னால் மேல்தளம் எழுப்பும்படி அடித்தளத்தையும் தூண்களையும் இப்போதே பொறியாளரை வைத்து வடிவமையுங்கள்.

பரப்பைக் குறைத்தாலும் கான்கிரீட்டின் தரத்தைக் குறைக்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. உவர் கிணற்று நீர் அதைத் தாண்டிவிடும். எனவே நல்ல தண்ணீர் லாரியில் வாங்கும் செலவையும் மேஸ்திரியின் விலையில் எழுதச் சொல்லுங்கள். அதே விதி, கடற்காற்று நேரே படும் கட்டடத்துக்கு எம்30 தரக் கான்கிரீட்டையும், கம்பியை மூடும் கான்கிரீட் 45 மில்லிமீட்டர் கனத்தில் இருப்பதையும் கேட்கிறது. வழக்கமாகப் போடும் எம்20-ஐ விட இதற்குச் செலவு கூடும். அதற்காக இன்னும் இருபது சதுர அடியை விட்டுக்கொடுத்தாலும் நல்லதே. மேல்தளத்துக்கென்று தூண்களின் உச்சியில் நீட்டிவிடும் கம்பிகளை வெறுமனே விட்டால் உப்புக்காற்றில் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்து மெலிந்துவிடும். கூரை போட்ட கையோடு அவற்றைச் சுற்றி சிமெண்ட் குறைந்த கான்கிரீட் ஊற்றி மூடச் சொல்லுங்கள், மேல்தளம் எழுப்பும்போது உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.